ஃப்ரீசரை ஒரு தடவைதான் திறக்கலாம்

1

உலகத்தில் எழுதப்பட்ட எல்லாக் கதைகளும் உருகுதலைப் பற்றியவையே. உறைந்து நிற்க முயன்று, காலத்தின் வெம்மையில் தோற்றுப்போன மனித குலத்தின்—

[இதை வியாழக்கிழமை எழுதினேன். எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்து, ஏதோ ஒரு விருதுக்குழுவில் ஒருவர் இதைப் படித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதாகக் கற்பனை செய்துகொண்டிருந்தேன். அப்போது என் தங்கை போன் செய்து, அடித்த க்ரீம் வெண்ணெயாகிவிட்டது, இனி அதை என்ன செய்யலாம் என்று கேட்டாள். ரொட்டியில் தடவலாம் என்றேன். போனை வைத்துவிட்டாள். மனித குலம் அதற்குப் பிறகு எழுந்து நடக்கவில்லை.]

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகை என்னிடம் கதை கேட்டிருந்தது. எட்டுப் பக்கத்துக்குள், கொஞ்சம் ஆழமாக, என்பது ஆசிரியரின் நிபந்தனை. எட்டுப் பக்கம் என்னிடம் இருந்தது. மற்றதற்கு நான் அலைந்துகொண்டிருந்தபோதுதான் தங்கை வீட்டில் ஐஸ்கிரீம் விவகாரம் ஆரம்பித்தது. அவளைக் கேட்காமலே அதை எடுத்துக்கொண்டேன்.

விவகாரம் இதுதான். தங்கையின் மகளை வீட்டில் கடுகு என்று கூப்பிடுவோம். எட்டு வயது. வருடத்தின் நடுவில் பள்ளி மாறியவள். புதுப் பள்ளியில் அதற்குள் எல்லோருக்கும் எல்லோரும் கிடைத்துவிட்டிருந்தார்கள். மதிய இடைவேளையில் அவள் கைகழுவும் தொட்டியை ஒட்டித் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்பதைத் தங்கை தானாகத்தான் கண்டுபிடித்தாள். டிபன் டப்பாவின் அடியில் தினமும் சோப்புத் தண்ணீர் காய்ந்த வட்டம் இருந்தது.

ஒரு நாள் வகுப்பில் எப்படியோ பேச இடம் கிடைத்தபோது, எங்கள் அம்மா வீட்டிலேயே ஐஸ்கிரீம் செய்வார்கள், இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவில் வைத்துத் தருவார்கள் என்று கடுகு சொல்லிவிட்டாள். அம்மா அதுவரை ஃப்ரீசரில் செய்த ஒரே பொருள் ஐஸ் கட்டி. அதையும் தட்டிலிருந்து கழற்றப் பொறுமையில்லாமல் சப்பாத்திக் கட்டையால் தட்டுவாள். கேட்ட பெண்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

"பொய் சொன்னதுக்குத் திட்டலாம்னுதான் வாயைத் திறந்தேன் அண்ணா," என்றாள் தங்கை. "அவ மூஞ்சியைப் பார்த்ததும், ஆமா செய்வேனேன்னு வந்துடுச்சு. இப்ப பொய் ரெண்டு பேரோடதும்."

அடுத்துப் பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"இது சரியா வரலைன்னா திங்கக்கிழமை அவ யார்கூட உக்காந்து சாப்பிடுவா?"

இதுதான் இந்தக் கதையின் கேள்வி. இதைவிடப் பெரிய கேள்வி ஒன்றைக் கண்டுபிடித்து மேலே ஏற்றிவைக்க நிறைய முயன்றேன். இருத்தல், இன்மை, நவீன வாழ்வு என்று என்னென்னவோ கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். எல்லாம் அந்த டிபன் டப்பாவின் பக்கத்தில் சின்னதாகத் தெரிந்தன.

2

தொடக்கம் மட்டும் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

"வெண்மை. எங்கும் வெண்மை. அவள் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தாள். கிண்ணமும் அவளை—"

(கிண்ணம் பார்க்காது. தெரியும். ஆனால் இப்படி எழுதினால் யாராவது கட்டுரை எழுதுவார்கள்.)

"சமையலறை ஜன்னலில் ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்தது. கையிலிருந்த கரண்டியை மறந்து, தன் இழந்த வாழ்வை அவள்—"

இந்த இரண்டாவதைத் தங்கைக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பின்னணியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நிற்கவில்லை.

"யாரு இவ?" என்றாள்.

நீதான் என்றேன்.

"நான் எதுக்கு ஜன்னலைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்? வேலை கிடக்கில்ல? அந்தக் கரண்டியைக் கழுவவாவது சொல்லு."

உண்மையில் நடந்தது இது. அலுவலகம் விட்டு வந்து, உடுப்பு மாற்றாமல், அவள் க்ரீமைக் கிண்ணத்தில் ஊற்றி மெஷினால் அடிக்க ஆரம்பித்தாள். நுரைத்து, கெட்டியாகி, கரண்டியைத் தூக்கினால் கூர் நிற்கிற பதம் வந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்று கூடாது. பிறகு டின் பால், மசித்த வாழைப்பழம், ஒரு சொட்டு எசன்ஸ். அவ்வளவுதான் வேலை. சரியாக அந்தக் கூர் நிற்கிற நேரத்தில் அவள் வேலை பார்க்கிற குளிர்கிடங்கிலிருந்து போன் வந்தது. சரக்கு வண்டி வாசலில் நிற்கிறது, உள்ளே விட ஆளில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, உள்ளே குளிர் போய்விடும், வண்டி எஞ்சினை மட்டும் அணைத்துவிடாதீர்கள் என்று ஓட்டுநரிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். மெஷினை அணைக்க மறந்துவிட்டாள். குனிந்து பார்த்தபோது கிண்ணத்தில் மஞ்சளாக வெண்ணெய் திரண்டு, மோர் மாதிரி ஒன்று பிரிந்து நின்றது.

இதை நான் படிமம் என்பேன். அவள் ஒரு மூடியைப் போட்டு எடுத்து வைத்தாள்.

3

இங்கே அவளுடைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடப்பது கிறுக்குத்தனமாகத் தெரியும். (சொன்னாலும் அப்படித்தான் தெரியும். ஆனால் காரணத்தோடு தெரியும்.)

தங்கை தடுப்பூசி மருந்துகள் வைக்கிற குளிர்கிடங்கில் மேற்பார்வையாளர். எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலையில் திறமை. ஒரு பெட்டி மருந்து ஒரே ஒரு தடவை சூடு கண்டுவிட்டால், மறுபடி குளிரவைத்துப் பிரயோசனமில்லை. பார்வைக்கு அப்படியே இருக்கும், உள்ளே செத்திருக்கும். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, ஒதுக்கி, அழித்துவிடுவார்கள். குளிர் அறைக் கதவை ஒரு தடவைதான் திறக்க வேண்டும், தேவையான எல்லாவற்றையும் அந்த ஒரு தடவையிலேயே எடுத்துவிட வேண்டும். சந்தேகம் வந்தால் கொட்டிவிட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் அவள் முதலில் சொல்லிக்கொடுப்பாள். மகளுக்கும் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். அம்மாவின் வேலையை மகள் தெரிந்துகொள்வது நல்லதுதானே என்று அப்போது எல்லோரும் நினைத்தோம்.

கிடங்கில் கழித்துப்போட்ட வெப்பமானி ஒன்று வீட்டில் கிடந்தது. சூடு ஏறினால் கத்துகிற ரகம். இரண்டாவது தடவை க்ரீம் ஒழுங்காக வந்து, கலவையைத் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வைத்தபோது, அதையும் பக்கத்தில் வைத்தாள். வீட்டில் அதற்கு அலறி என்று பெயராகிவிட்டது.

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று தோன்றி, மாப்பிள்ளையைப் போடலாமா என்று யோசித்தேன். மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். ஆனால் மனிதர் அதற்குத் தோதாக இல்லை. லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நாள் முழுக்கக் குழிக்குள் மண்டியிட்டு வேலை செய்துவிட்டு, வீங்கிய முழங்காலோடு வந்து, ஒத்தடம் கொடுக்க ஐஸ் எடுக்கலாமென்று ஃப்ரீசரைத் திறந்தார். திறந்தபடியே நின்று, எது ஐஸ் பை, எது பட்டாணிப் பை என்று தடவிக்கொண்டிருந்தார். அலறி தன் வேலையைச் செய்தது.*

தங்கை ஓடி வந்து தட்டை வெளியே எடுத்தாள். விரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் லேசாக உள்ளே போயிற்று. தட்டைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"ஏம்மா, இது ஐஸ்கிரீம்மா. ஊசி மருந்து இல்ல," என்றார் மாப்பிள்ளை, ஒற்றைக் காலில் நின்றபடி.

"தெரியுது."

தெரிந்துகொண்டே சுரண்டிக் கொட்டினாள். கதவருகில் யூனிபார்மோடு நின்று கடுகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவள் தொட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்" என்று முதலில் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. தான் எங்கே அழுதேன் என்று கேட்டாள். தொட்டி அடைத்துக்கொண்டது, குச்சியால் குத்திக்கொண்டிருந்தேன், பார்க்காததை எல்லாம் எழுதாதே என்றாள். சரி. திருத்தியதை மறைக்காமல் விடுகிறேன்: அவள் [விம்மி விம்மி அழுதாள்] குச்சியால் குத்தினாள்.

* விமர்சகர்கள் கவனத்துக்கு: அலறியை மனசாட்சியின் குறியீடாகக் கொள்ள வேண்டாம். அது பேட்டரியில் ஓடுகிறது.

4

கடையில் வாங்கிவிடலாமே என்று வாசகருக்குத் தோன்றும். மாப்பிள்ளைக்கும் தோன்றியது. எனக்குத்தான் தோன்றவில்லை, ஏனென்றால் வாங்கிவிட்டால் என் கதை முடிந்துவிடும்.

தங்கை அந்த அளவுக்கும் போனாள். கடை ஐஸ்கிரீமைப் பிரித்து, வீட்டில் செய்தது மாதிரி வெண்ணெய்த் தாளில் சுற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? தாள்கூட வாங்கிவிட்டாள். கண்ணாடி வைத்த பெட்டிக்கு முன் நின்று, உள்ளே அடுக்கியிருந்ததைப் பார்த்தாள். ஒரு டப்பாவின் மூடியோரம் வழிந்து உறைந்த கறை இருந்தது. எப்போதோ உருகி மறுபடி உறைந்தது. கடைக்காரர் இரவில் மின்சாரத்தை நிறுத்துகிறாரோ, வண்டியிலிருந்து இறக்கி வெயிலில் வைத்தாரோ, யார் கண்டது. அவர் பாவம், எது வேண்டும் என்றுதான் கேட்டார். இதில் எத்தனை தடவை சூடு ஏறியிருக்கிறது என்று தங்கை திருப்பிக் கேட்டாள். அந்தக் கடைக்கு இனி அவள் போக முடியாது.

வெறும் தாளோடு வீட்டுக்கு வந்தாள்.

5

இன்று ஞாயிறு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அங்கே நடந்துகொண்டிருக்கிறது. எழுத்தாளனுக்கு இப்படி வாய்ப்பது அபூர்வம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தங்கை அவ்வப்போது கூப்பிடுகிறாள். கூப்பிடும்போதெல்லாம், அதற்குள் எழுதிய பகுதியை அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். கதாபாத்திரத்துக்கு இந்த மரியாதையைச் செய்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

மூன்றாவது தட்டு பிழைத்துவிட்டது. நேற்றே உறைந்து, வட்ட மூடியால் வெட்டி, பிஸ்கட்டுகளுக்கு நடுவில் வைத்து, தாளில் சுற்றி, ஃப்ரீசருக்குள் போய்விட்டது. மாப்பிள்ளை முன்னெச்சரிக்கையாக வீட்டை விட்டு அனுப்பப்பட்டார். கிளம்பும்போது அவர் சட்டை முதுகில் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்ததாம். கடுகின் வேலை.

காலையிலிருந்து கடுகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஃப்ரிட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். யாரையும் கிட்டே விடவில்லை. குடிதண்ணீர் கேட்டால் குழாயைக் காட்டுகிறாள்.

வந்துவிட்டார்கள். ஒருத்தி பல்லுக்குக் கம்பி போட்டவள், ஒருத்தி இரட்டைச் சடை, ஒருத்தி நிறுத்தாமல் தும்முகிறவள். மூவரும் சமையலறையில் நின்று, ஃப்ரிட்ஜ் கதவின் மேல் மூச்சை ஊதி விரலால் படம் வரைந்து சிரித்திருக்கிறார்கள். கடுகும் சிரித்தாளாம். இதைச் சொல்லும்போது தங்கையின் குரலில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை வைத்து நான் ஒரு நல்ல பத்தி எழுத ஆரம்பித்தேன். "நிம்மதி என்பது—"

மறுபடி போன்.

தங்கை இப்போது கிசுகிசுத்தாள். கடுகு திறக்க மாட்டேன் என்கிறாளாம். இன்னும் ஒருத்தி வரவேண்டும், வந்தால்தான் திறப்பேன் என்கிறாளாம். வந்தவர்களுக்கு முதலில் கொடுத்துவிடலாம், அவள் வந்ததும் மறுபடி திறந்து எடுக்கலாம் என்று தங்கை சொல்லியிருக்கிறாள். அதற்குக் கடுகு சொன்ன பதிலைத் தங்கை அப்படியே ஒப்பித்தாள்.

"ஒரே தடவைன்னு நீதானே சொன்னே. ரெண்டாவது தடவை திறந்து அது கத்திச்சுன்னா, நீ எல்லாத்தையும் கொட்டிடுவே."

கொட்ட மாட்டேன் என்று சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

"சொன்னேன் அண்ணா. நம்ப மாட்டேங்கிறா."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். [இங்கே ஆழமாக ஏதாவது வரவேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.] இன்னும் வீட்டில்தான் இருக்கியா என்று அவள் கேட்டாள். எழுதுகிறவன் வேறெங்கே இருப்பான் என்று சொல்லி, மூன்றாம் பகுதியின் அடிக்குறிப்பை வாசித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. வைத்துவிட்டாள்.

அடுத்து வந்த போனில் அவள் சொன்னது இது. பெண்கள் படம் வரைந்து முடித்துவிட்டார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. தும்மல்காரி தன் அம்மாவுக்குப் போன் செய்யலாமா என்று கேட்கிறாள். இரட்டைச் சடை நேராகக் கடுகிடமே கேட்டுவிட்டாளாம்:

"உள்ள நிஜமாவே ஐஸ்கிரீம் இருக்கா?"

கடுகு நாற்காலியை இன்னும் கொஞ்சம் கதவோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

6

நான்காவது சிறுமி எனக்குப் பிடிபடவில்லை. மூன்று பேரும் பளிச்சென்று வந்துவிட்டார்கள். இவள் மட்டும் முகம் காட்டவில்லை. ஆகவே நானே உருவாக்க முனைந்தேன்.

"அவள் பெரிய வீட்டுப் பெண். வகுப்பில் அவள் வைத்ததே சட்டம். வேண்டுமென்றே தாமதிக்கிறாள். காரின் பின்னிருக்கையில் சாய்ந்து, தன் வருகைக்காக ஒரு சமையலறை முழுக்க உறைந்து கிடப்பதை எண்ணி, அவள் உதட்டோரம்—"

கெட்ட பெண்ணாக நன்றாகவே வந்தாள். வர்க்கம், அதிகாரம் எல்லாம் தானாக உள்ளே வந்து உட்கார்ந்தன. எட்டுப் பக்கத்துக்குள் இவ்வளவு ஆழத்தை ஆசிரியரே எதிர்பார்த்திருக்க மாட்டார். தங்கை கூப்பிட்டபோது, அவள் வாயைத் திறக்கும் முன் இதை வாசித்தேன்.

"யாரு அண்ணா இது?"

"நாலாவது பொண்ணு."

பின்னால் ஒரு தும்மல்.

"நாங்க காத்துக்கிட்டிருக்கிறது உன் பொண்ணுக்காக," என்றாள். "அவ பக்கத்துல இருந்தாத்தான் கடுகுக்குப் பேச்சு வருதாம். அண்ணி காலைல உன்கிட்ட சொல்லிட்டுத்தானே வேலைக்குப் போனாங்க? நீ ம்னு சொன்னியாமே. கிளம்பிட்டியான்னு கேக்கத்தான் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டேன். நீ வாசிக்க ஆரம்பிச்சுடறே."

தானே வந்து கூட்டிப்போகலாம், ஆனால் அடுத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது என்றாள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பெரிய சாலைதான். சின்னப்பிள்ளை தனியாகக் கடக்க முடியாத சாலை. பெரியவர்கள் கடக்கலாம்.

இதோ கிளம்பிவிட்டேன் என்றேன்.

எழுந்து அறைக் கதவைத் திறந்தேன். என் மகள் காலையிலிருந்து சத்தமே போடாமல் இருந்ததை நான் கவனித்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஆறு வயதிலேயே எழுத்துக்கு என்ன மரியாதை என்று பெருமைகூடப் பட்டிருந்தேன். வெளியே போகிற கவுன் போட்டு, ஷூ மாட்டி, தலையைத் தானே சீவி, கூடத்து சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"கதவைத் தட்டினா கோச்சுக்குவீங்க," என்றாள்.

இல்லை, இல்லை, போகலாம் என்றேன். ஒரே ஒரு பத்தி மட்டும் இருக்கிறது, மறந்துவிடும், எழுதிவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். ம் என்றாள். அந்த ம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

7

அந்த ஒரு பத்தி முடிவைப் பற்றியது. ஆனால் ஒரு முடிவில் அது அடங்கவில்லை.

(அ) நானும் மகளும் மூச்சு வாங்க அந்த வீட்டுக்குள் நுழைகிறோம். கடுகு நாற்காலியிலிருந்து இறங்குகிறாள். ஃப்ரீசர் ஒரே ஒரு தடவை திறக்கிறது. எல்லோருக்கும் கிடைக்கிறது. அலறி வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை டிபன் டப்பாவின் அடி காய்ந்து சுத்தமாக இருக்கிறது. இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டுமென்று தங்கை சொல்லியிருக்கிறாள்.

(ஆ) யாருக்காகவும் காத்திராமல் தங்கை கடுகைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கதவைத் திறக்கிறாள். அலறி கத்துகிறது. கத்தட்டும் என்று அதை எடுத்து, பேட்டரியைப் பிடுங்கி, தொட்டியில் போடுகிறாள். ஐஸ்கிரீமைக் கொட்டவில்லை. கடுகு அம்மாவையே பார்க்கிறாள். இதற்கு ஒரு எதிர்ப்பு உண்டு: என் தங்கை இத்தனை வருடத்தில் அப்படி ஒரு தடவைகூடச் செய்ததில்லை. ஆனால் நான் பார்க்காததை எல்லாம் எழுதக் கூடாது என்றும் அவளே சொல்லியிருக்கிறாள்; ஒருவேளை இப்போது செய்துகொண்டிருக்கலாம்.

(இ) தும்மல்காரியின் அம்மா வந்துவிடுகிறார். மூன்று பெண்களும் செருப்பு மாட்டுகிறார்கள். இரட்டைச் சடை வாசலில் திரும்பிப் பார்த்து, மற்றவளிடம் ஏதோ—

இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை. போன் கொஞ்ச நேரமாக அடிக்கவில்லை. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை. நான் கூப்பிடலாம். கூப்பிட்டால் எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று கேட்பாள்.

ஆகவே வாசகரே, முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். இதை உத்தி என்றும் சொல்லலாம். பத்திரிகை ஆசிரியரிடம் நான் அப்படித்தான் சொல்லப்போகிறேன். நீங்கள் சாலையைக் கடக்க வேண்டியதில்லை. இந்த நிமிடமே அந்தச் சமையலறைக்குள் போய் நிற்கலாம். கடுகு உங்களைக் கிட்டே விடமாட்டாள். ஆனாலும் அந்தப் பெண்களைக் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்து இருக்க வையுங்கள். உள்ளே நிஜமாகவே ஐஸ்கிரீம் இருக்கிறது என்று சொல்லுங்கள். வேற்று ஆள் சொன்னால் நம்புவார்கள். நான் ஷூவைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன்.

எழுந்து கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இந்தக் கடைசி வரியை எழுதத் திரும்பி வந்திருக்கிறேன். என் மகள் ஷூவோடு தூங்கிவிட்டாள்.